‘வலிதாக்கல்’ ஆகுமா, ‘உரைத்தறிதல்’ ஆகுமா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நகரங்களின் மழைநீர் வடிகான்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் கணினியில் மாதிரியுருவாக்கி, அந்த மாதிரியுருவை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடும் முறையைப் பற்றி, நுவரெலியாவில் தமிழில் பயில்வோருக்காக நான் எழுதிவரும் கைந்நூலில் இரண்டு சொற்கள் (ஆங்கிலத்தில் calibration, validation) இன்னும் முடிவாகவில்லை. ‘அளவுத்திருத்தம்’, ‘வலிதாக்கல்’ என்னும் வழக்கிலுள்ள சொற்களே போதும் என்று கண்டி ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார். அவருடன் நான் உடன்படாததன் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது வேலையைப் பாருங்கள். மழையளவைக் கொடுத்தால், ஒரு மதகடியில் எவ்வளவு நீர் எந்நேரத்தில் வரும் என்று மாதிரியுரு கணக்கிடுகிறது. அங்கே நாம் அளந்ததுடன் அது ஒத்துவராதபோது, நீர் புகாத நிலத்தின் பங்கு, பள்ளங்களில் தேங்கும் நீர், கானின் கரடு போன்ற, நேரே அளக்க முடியாத பெறுமானங்களை மாற்றுகிறோம். சந்தைக்குப் பின்னால் ஓடும் கொங்கிறீற்றுக் கானுக்கு மானிங் கரட்டுக் குணகம் (கானின் கரடு கூடக்கூட உயரும் எண்) 0.013 என்று வரைபடத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். இறங்கிப் பார்த்தால், மேலேயுள்ள லீக்ஸ் பாத்திகளிலிருந்து வந்த மண்ணும் பரல்கற்களும் அடியில் படிந்திருக்கும். பொலித்தீன் பைகள் கம்பியில் சிக்கிக் கிடக்கும். 0.02 என்று உயர்த்துவது நியாயமே. கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை என்பதற்காக 0.05 ஆக்கினால், களைமண்டிய மண்வாய்க்காலின் எண்ணைக் கொங்கிறீற்றுக்குக் கொடுத்து, வேறெங்கோ உள்ள பிழையை மூடிவிட்டோம் என்று பொருள். (‘கான்’ என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை, தேயிலை மலையில் கான் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இதைப் படிக்கப்போகிறார்கள்.)

இந்த வேலையில் எந்த அளவும் திருத்தப்படுவதில்லை. மழைமானியை நியமத்துடன் ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கு ‘அளவுத்திருத்தம்’ நல்ல சொல்; மாதிரியுருவுக்கு அது ஆபத்தான சொல். பயில வந்த ஒருவர் ‘அளவுத்திருத்தம் செய்க’ என்பதை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, களக்குறிப்பேட்டிலிருந்த நீர்மட்டங்களைக் கணினி சொன்னதற்கேற்ப அழித்தெழுதிக் கொண்டுவந்தார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆகவே ‘பொருத்தியமைத்தல்’ என்கிறேன்.

பொருத்தியமைக்கப் பயன்படுத்தாத மழைகளை எடுத்து, ஒரு பெறுமானத்தையும் தொடாமல் மாதிரியுருவை ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது வேலை. ‘வலிதாக்கல்’, ‘செல்லுபடியாக்கல்’ இரண்டிலும் உள்ள ‘ஆக்கல்’, சோதனை முடியுமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. தோற்கவும் கூடிய சோதனைக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அடகுக் கடையில் நகையை உரைகல்லில் தேய்ப்பவர் அதைப் பொன்னாக்குவதில்லை. பொன்தானா என்று பார்க்கிறார், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எனவே ‘உரைத்தறிதல்’. கண்டறிதல், கேட்டறிதல் என்னும் வரிசையில் அது இயல்பாக அமரும். ‘உரைத்தறி மழை’ போன்ற தொகைகளும் கிடைக்கும்.

மலைநாட்டில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சரிவு கடுமையாதலால் கானில் நீர் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிவிடுகிறது. தோட்டத்து மழைமானியோ நாளுக்கு ஒருமுறைதான் வாசிக்கப்படுகிறது. அந்த நாள்மொத்தத்தை 24 மணித்தியாலங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் உச்சமே மறைந்துபோகும். அந்தக் குறையை ஈடுசெய்யும் வரை பெறுமானங்களை முறுக்கினால், ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவத் தூறலுக்கு மாதிரியுரு அழகாக ஒத்துவரும். ஒக்டோபரில் பிற்பகல் இடிமழையைக் கொடுத்ததும் சாயம் வெளுத்துவிடும். மாதிரியுருவின் கணக்கு அளந்தவற்றுடன் எவ்வளவு ஒத்துவருகிறது என்று காட்ட நாஷும் சட்கிளிஃபும் 1970இல் தந்த திறன் எண் 1 என்றால் முழு ஒப்பு. 0 என்றால் அளந்தவற்றின் சராசரியைச் சொல்லியிருந்தாலும் அதே பலன். அதற்கும் கீழே போனால் சராசரியே மேல். பொருத்தியமைத்த மழைகளுக்கான எண்ணை மட்டும் காட்டும் அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே கொள்வேன்.

*

அன்பின் தம்பி,

‘ஆக்கல்’ பற்றிய உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் காதால் கேட்பவருக்கு ‘உரைத்தறிதல்’ என்பது சொல்லித் தெரிந்துகொள்வதாகத்தான் படும். அதைவிட, உங்கள் உவமையை நீங்களே முழுதாகப் பயன்படுத்தவில்லை. நகை மாதிரியுரு என்றால், கல் எது? ஒதுக்கிவைத்த மழைதானே! ‘உரைகல் மழை’ என்றே எழுதிவிடலாம். வினைக்கு ‘உரைத்துப் பார்த்தல்’ போதும். நிரல் தன் சமன்பாடுகளைப் பிழையின்றித் தீர்க்கிறதா என்று பார்ப்பதற்கு, கணிதப் பாடநூல்கள் பழக்கிய ‘வாய்ப்புப் பார்த்தல்’ இருக்கட்டும்.

எந்த இடத்தில் உரைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கண்டி வாவி நிரம்பி வழியும் நீர் மெத எல என்னும் கால்வாய் வழியே மகாவலி ஆற்றுக்குப் போகிறது. வாவிக்குச் சற்றுக் கீழே மட்டும் ஒப்பிட்டால், மேற்பக்கத்துக் கான்களின் கணக்கு எவ்வளவு பிழைத்திருந்தாலும், வாவி உச்சத்தைத் தட்டையாக்கிவிடுவதால் முடிவு நன்றாகவே தோன்றும்.

*

அன்பின் ஐயா,

மிக்க நன்றி. ‘உரைகல் மழை’ எனக்குத் தோன்றவேயில்லை. ‘உரைத்தறிதல்’ வந்த இடமெல்லாம் ‘உரைத்துப் பார்த்தல்’ என்று மாற்றுகிறேன். வாவிக்குக் கீழே ஒப்பிடும் உதாரணம் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போகிறது. ‘பொருத்தியமைத்தல்’ பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதமாகக் கொள்ளலாமா?