சேலம் குகை தெருக் குழு: பழைய ஸ்டோர் ரூம்

செல்வி அக்கா: கல்லூரிக்குள் மசூதி கட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. நம் பாத்திமா மகள் படிக்கிற கல்லூரிதானே?

பால்கார மணி: எனக்கும் வந்தது. நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள்.

பாத்திமா: மசூதி எங்கே அக்கா! நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிற ஸ்டோர் ரூம். மதியம் ஐந்தாறு பெண்பிள்ளைகள் ஒரு மூலையைப் பெருக்கி, விரிப்பைப் போட்டு, லுஹர் தொழுதுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். பையன்கள் வெளியே பள்ளிவாசலுக்குப் போகலாம், இவர்கள் எங்கே போவார்கள்? நேற்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

மாலதி: யார் சொல்லி?

பாத்திமா: கை கழுவும் தொட்டியில் கால் கழுவுகிறார்கள், தரையெல்லாம் ஈரம் என்று புகார். அதுவும் பொய்யில்லை. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்ய வேறு குழாய் கிடையாது.

செல்வி அக்கா: அப்போது அந்தச் செய்தியை அழித்துவிடுகிறேன். அண்ணி வீட்டுக் குழுவிலும் போட்டுவிட்டேனே, அதை என்ன செய்வது?

நடராஜன் சார்: எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(1). போதனை வேறு, ஒரு பிள்ளை தானாகத் தொழுவது வேறு. 25-வது பிரிவு மத உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு. தனி அறை கொடுத்தே தீரவேண்டும் என்று அதை இழுக்க முடியாது. 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. 2022இல் ஹிஜாப் வழக்கில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். 1968இல் அண்ணா ஆட்சியில், அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கையே வந்தது.

பால்கார மணி: டீ குடித்துவிட்டு வருகிறேன்.

மாலதி: உங்கள் அலுவலகத்தில் எடுத்தார்களா சார்?

நடராஜன் சார்: நான் ஓய்வுபெறும்வரை லட்சுமி படம் இருந்தது. பூ என் சொந்தக் காசில்.

கார்த்தி: நான் படித்தபோது ஆயுத பூஜைக்கு ஆய்வகத் தராசுக்கே சந்தனப் பொட்டு வைப்பார்கள். பொரிகடலை எல்லோருக்கும் உண்டு. மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு வேதியியல் ஆய்வகத்துக்கு வருவார்கள், பக்கத்தில் அமில பாட்டில். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

சுப்பு மாமா: அது காலம் காலமான வழக்கம். இன்று மூலை கேட்பார்கள், நாளை ஆளுக்கொரு அறை கேட்பார்கள்.

பாத்திமா: அறை யார் கேட்டார்கள் மாமா?

மாலதி: ஒலிபெருக்கி விவகாரத்திலும் மாமா இப்படித்தான் குதித்தார். பிறகு நோன்புக் கஞ்சிக்குத் தூக்குப்போசியோடு முதல் ஆளாக நின்றார்.

சுப்பு மாமா: கஞ்சியை இதில் இழுக்காதே.

செல்வி அக்கா: ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு, அலங்கார வண்டியில் ஏற்ற நம் தெரு சாமி வேஷம் என்ன? வசூல் பாதிகூட வரவில்லை.

பால்கார மணி: முருகன் வேண்டாம். போன முறை மயில் சாய்ந்துவிட்டது.

நடராஜன் சார்: பண்டிகைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஒரு சனிக்கிழமை வேலை செய்து ஈடுகட்டுகிறார்கள். அதுபோல இதற்கும் வழி இருக்கிறது. பலகை வேண்டாம், ஒரு மதத்தின் பெயர் வேண்டாம். மதியம் அரைமணி நேரம் ஒரு காலி அறை, சாவி அலுவலகத்தில், கால் கழுவ வெளியே ஒரு குழாய். தொழுகிறவர் தொழட்டும், ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும்.

கார்த்தி: தூங்க வருகிறவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள்.

ஆயிஷா: அம்மா, இதை ஏன் இங்கே போட்டீர்கள்? நாங்களே பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஜெபக் குழுப் பெண்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சார், மனு நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

நடராஜன் சார்: ஒரே பக்கத்தில் முடித்துத் தருகிறேன் அம்மா.

செல்வி அக்கா: பெரியவர் ஒருவர் உடன் போனால் நல்லது.

பாத்திமா: இவர் கடையை விட்டு நகர மாட்டார்.

மாலதி: மாமா போவார்.

சுப்பு மாமா: நான் எப்போது சொன்னேன்? எந்தக் கிழமை?

ஆயிஷா: வெள்ளி. ஆனால் யாரும் வர வேண்டாம் மாமா.

சுப்பு மாமா: வெள்ளிக்கிழமை எனக்குப் பேங்க் வேலை இருக்கிறது. பத்தரைக்கு முன்னால் என்றால் பார்க்கலாம்.

செல்வி அக்கா: அதைப் பிறகு பேசுங்கள். மேல்வீட்டு ரமேஷ் இன்னும் வசூல் பணம் தரவில்லை.

ரமேஷ்: மணியிடம் கொடுத்துவிட்டேனே.

பால்கார மணி: எப்போது?