பீடிக் கடை வாசலில் பிரஷர் மெஷின்: ஊர்த் திட்டத்தில் எது முதலில்?

பாப்பாக்குடிக்காரன்
அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊராட்சி. சுகர், பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய தொற்றா நோய்களுக்கு ஊர் அளவில் மூன்று வருடத் திட்டம் ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். பொத்தாம் பொதுவாக "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதி முடிக்க மனசு வரவில்லை.

காரணம் என் அம்மா. பிரஷர் மாத்திரை போட்டதும் தலைசுற்றல் நின்றது. "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காபி டம்ளரைப் பிடிக்க வலது கை வரவில்லை. எங்கள் தெருவில் இந்த ஆடிக்குள் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி விழுந்துவிட்டார்கள். ஒருவருக்கு 44 வயதுதான்.

கையில் இருக்கும் ஆளும் நேரமும் கொஞ்சம். எதை முதலில் வைக்கலாம்? அடித்துப் பேசுங்கள், பரவாயில்லை.

பொருநைக்கரை
பொதுச் சுகாதாரம் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நோய் வந்தவர்கள் பின்னால் ஓடுவதை மட்டும் திட்டம் என்று எழுதாதீர்கள். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். மூன்றில் ஒருவருக்கு ஒரு நோய் இருந்தால் கோளாறு அந்த ஆளிடம் இல்லை, ஊர் சாப்பிடுகிற சாப்பாட்டில் இருக்கிறது. ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1985-இலேயே இதைத்தான் சொன்னார்: ஆபத்து அதிகம் உள்ள சிலரை மட்டும் பிடித்து வைத்தியம் செய்வதைவிட, ஊர் முழுவதுக்கும் உப்பும் கொழுப்பும் கொஞ்சம் இறங்கினால் தப்பிக்கிற உயிர் அதிகம். பின்லாந்தில் வடக்கு கரேலியா என்ற மாகாணத்தில் 1972-இல் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியோடு நிற்காமல் பால் பண்ணை, கடை, சமையலறை என்று இறங்கினார்கள். அங்கே மாரடைப்புச் சாவு பிற்பாடு மளமளவென்று குறைந்தது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. எண்ணெயிலும் வனஸ்பதியிலும், மாரடைப்பைக் கூட்டுகிற டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியில் விதி வந்தது. யார் வீட்டுக்கும் போய் யாரும் புத்தி சொல்லவில்லை. ஆனாலும் அது எல்லார் வீட்டு அடுப்பையும் தொடுகிறது.

நம் ரேஷனைப் பாருங்கள். வெள்ளை அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். ஒரு கையால் சர்க்கரையைத் தந்து இன்னொரு கையால் சுகர் மாத்திரையான மெட்பார்மின் தருகிறோம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நெல்லைக்கும் அது வேண்டும் என்று முதல் வரியில் எழுதுங்கள்.

சேரன்மாதேவி அக்கா
தம்பி, நீங்கள் சொல்வதில் பிழை இல்லை, வரிசைதான் தப்பு. நான் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் சொன்ன அதே 2020 கணக்கெடுப்பில் அடுத்த வரியையும் படியுங்கள். பிரஷர் உள்ள நூறு பேரில் அது கட்டுக்குள் இருந்தது ஏழு பேருக்குத்தான், 7.3 சதவீதம். 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. அடுத்த கணக்கெடுப்பில் அது 17 ஆனது. சந்தோஷம்தான். ஆனால் மீதி 83 பேர் எங்கே? அவர்கள்தான் நாளைக்கு காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் போகிறவர்கள். கேழ்வரகு வந்து ஊர் மாறுகிற வரைக்கும் அவர்களுக்கு நேரம் இல்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தன்னார்வலர் மாதாமாதம் மாத்திரை கொடுத்துக் கையெழுத்து வாங்கிய வீடு அது. ஏட்டில் எல்லாம் சரி. நான் போய், "ஆச்சி, மாத்திரை எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்தன. மூன்று மாதத்து மாத்திரை. ஒன்றிரண்டுதான் கிழிந்திருந்தது. "தலை வலிக்கும்போது போடுவேம்மா, தெனமும் போட்டா பழகிரும்லா" என்றார். கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. விழுங்கியதற்குக் கணக்கு இல்லை. பிரஷருக்கு வலி கிடையாது, அதனால்தான் இந்தப் பாடு. டப்பாவைத் திறந்து பார்ப்பதையும், ஒவ்வொரு முறையும் 140/90-க்குக் கீழே வந்ததா என்று அளப்பதையும் உங்கள் திட்டத்தின் முதல் வரியாக வையுங்கள்.

ஆலங்குளம் அண்ணாச்சி
முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் சர்க்கரையை நிறுத்தினால் சனம் சர்க்கரையை விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். என் கடைக்கு வந்து கூட விலை கொடுத்து வாங்குவார்கள். அடி ஏழைக்குத்தான். நம் மண்ணில் பனை இருக்கிறது. டீக்கு கருப்பட்டி போடச் சொல்லுங்கள், சுகரே வராது.

சேரன்மாதேவி அக்கா
அண்ணாச்சி, மன்னிக்கணும், இதை விட்டுவிட்டுப் போக முடியாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். "கருப்பட்டிதானே" என்று நம்பி நாலு டம்ளர் குடித்துவிட்டு, சுகர் 300-ஐத் தாண்டி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ருசிக்குக் குடிக்கலாம், மருந்தென்று குடிக்கக் கூடாது.

ஆலங்குளம் அண்ணாச்சி
சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கே போன வருடம் சுகர் வந்தது, நானும் கருப்பட்டிக் காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏழை வீட்டுச் சர்க்கரையைப் பற்றிச் சொன்னதிலிருந்து நான் மாறவில்லை.

பொருநைக்கரை
நிறுத்தச் சொல்லவில்லை அண்ணாச்சி, மாற்றிக் கொடுக்கச் சொல்கிறேன். சர்க்கரைக்குச் செலவாகிற அதே பணத்தில் பருப்பைக் கூட்டிக் கொடுக்கட்டும்.

அப்புறம் உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் பழைய சோற்றுக்குக் கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய், சொதிக்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம். குழம்பில் போடும் உப்பைக் கணக்கில் சேர்க்கும் முன்பே அந்தக் கரண்டி நிறைந்துவிடும். இன்னொன்று புகையிலை. அதைத் தொடாமல் மாரடைப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. பீடிக்கு வரியை ஏற்ற வேண்டும், ஊர்க் கடைகளில் சில்லறை விற்பனையைக் குறைக்க வேண்டும்.

சுளகு
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பீடி என்று வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பதினாறு வயதில் பீடி சுற்ற மடியில் சுளகை வைத்தவர். இப்போது 53. காலையில் இலை நனைப்பது, வெட்டுவது, மத்தியானம் முழுக்கக் குனிந்தபடி சுற்றுவது, ராத்திரி சீரியல் ஓடும்போது கட்டுப் போடுவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மணிக்கணக்கு கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் எண்ணிக்கை குறையும். அம்மாவுக்கு சுகரும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள், நல்லதுதான். என் அம்மா எந்த நேரத்தில் போய் அதில் நடப்பார்?

வரியை ஏற்றுங்கள், புகைக்கிறவர்கள் குறையட்டும், எனக்கும் அதுதான் விருப்பம். என் அப்பா நெஞ்சு அடைத்துப் போனதற்கு அம்மா சுற்றிய பொருளும் ஒரு காரணம், அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பீடியை விட்டால் எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு வேறு என்ன இருக்கிறது என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பொருநைக்கரை
நியாயம் அக்கா. நான் அவசரப்பட்டுவிட்டேன். இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலேயே, புகையிலைத் தொழிலாளிக்கு மாற்றுப் பிழைப்பு வேண்டும் என்று 17-ஆம் பிரிவு இருக்கிறது. நாங்கள் வரிப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம்.

பாப்பாக்குடிக்காரன்
சுளகு, ஒன்று கேட்கிறேன். தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வந்தால் அம்மாவுக்குப் பிரஷர் பார்க்கிறார்களா?

சுளகு
வருவார்கள். அம்மா "அந்தப் பக்கம் பாத்துட்டு வாம்மா, கையில வேலை கிடக்கு" என்பார். அந்தப் பிள்ளையும் பாவம், எத்தனை வீடு! மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் பீடிக் கடையில் நிலைமை வேறு. சுற்றியதைக் கொடுக்கப் போனால் எண்ணி, கழிவு பார்த்து, அடுத்த நாளுக்கு இலையும் தூளும் வாங்குகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். அறுபது எழுபது பேர்.

சேரன்மாதேவி அக்கா
அங்கேதான் போக வேண்டும்! இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லையே. பிரஷர் பார்க்க ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்து கையை நீட்டுவார்கள், எண் ஏறித்தான் காட்டும். வரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆம்பிளைகளுக்கு டீக்கடை என்று யாராவது சொல்லப் போகிறீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: டீயும் பீடியும் குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் அது சரியான அளவு இல்லை. கொத்தனார், லோடுமேன் எல்லாம் ஏழு மணிக்கே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம் கோயில் திடல் அல்லது நூலகத் திண்ணை.

பொருநைக்கரை
அக்கா, அப்படியென்றால் கணக்கையும் இப்போதே போடுங்கள். ஊரில் 3,000 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று என்றால் பிரஷர் உள்ளவர்கள் ஏறத்தாழ 1,000. மாநில அளவு போலவே இருந்தால் கட்டுக்குள் இருப்பது 170 பேர். மூன்று வருடத்தில் அதை 500 ஆக்குவோம் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். "முகாம் நடத்தினோம், இத்தனை பேருக்குப் பரிசோதித்தோம்" என்ற எண் வேண்டாம். முகாமுக்கு ஒரே ஆள் நாலு தரம் வந்தாலும் எண் ஏறும். பெயர்ப் பட்டியல் துணை சுகாதார நிலையத்தில் இருக்கட்டும், சபையில் மொத்த எண்ணை மட்டும் படித்தால் போதும். கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, ஆறு தடவையும் படிக்க வேண்டும்.

ரேஷன் விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை. இன்றைக்கு 500 பேரைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலும், அடுத்த 500 பேரை அதே சர்க்கரையும் உப்பும் கொண்டுவந்து நிறுத்தும்.

சேரன்மாதேவி அக்கா
அது மேலே இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டியது தம்பி. ஊராட்சிக் கையில் இல்லாததை முதல் வரியில் எழுதினால், கையில் இருப்பதைச் செய்யாததற்கு அதுவே சாக்காகிவிடும். எத்தனை திட்டக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன்!

ஆலங்குளம் அண்ணாச்சி
எனக்கும் அக்கா பக்கம்தான். பள்ளிக்கூட வாசல் கடையில் பாக்கெட் நொறுக்கு விற்கக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லலாம். அது நம் கையில் இருக்கிறது. வேர்க்கடலையும் பனங்கிழங்கும் அதே விலைக்கு நான் போட்டுத் தருகிறேன்.

பாப்பாக்குடிக்காரன்
இரண்டு தீர்மானமாகப் பிரிக்கிறேன். முதலாவது, ஊர் தானே செய்வது: பீடிக் கடையிலும் நூலகத் திண்ணையிலும் பிரஷர், சுகர் பார்ப்பது, டப்பாவைத் திறந்து பார்ப்பது, பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களை 170-லிருந்து 500 ஆக்குவது, பள்ளிக்கூட வாசல் கடை. இரண்டாவது, அரசிடம் கேட்பது: கேழ்வரகு, சர்க்கரைக்குப் பதில் பருப்பு, பீடி சுற்றுகிறவர்களுக்கு மாற்றுத் தொழில். பொருநைக்கரை இதை ஏற்க மாட்டார் என்று தெரியும். இரண்டாவதை அவரே வந்து சபையில் பேசட்டும்.

சுளகு, உங்கள் அம்மா போகிற கடையில் நீங்கள் பேசிப் பார்க்க முடியுமா? என்றைக்கு வரலாம்?

சுளகு
கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். வாசல் வேப்ப மரத்தடியில் மேஜை போட்டுக்கொள்ளச் சொன்னார். கூலி போடுகிற நாளில் வாருங்கள், அன்றைக்கு ஒருத்தர் விடாமல் எல்லாரும் இருப்பார்கள். சுகர் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வலது கையில் குத்த வேண்டாம். விரல் நுனி வலித்தால் அன்றைக்கு இலை சுருளாது, அந்தப் பயத்தில்தான் அம்மா இரண்டு வருடமாகக் கையை நீட்டவே இல்லை. இடது கைச் சுண்டுவிரல் என்றால் எல்லாரும் நீட்டுவார்கள்.