சமூக மேம்பாட்டு நிறுவனங்கள் உள்ளாட்சியின் கீழ் வர வேண்டுமா?

திருமாறன்:
அயர்லாந்தில் 2014-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் ஒரு சமூக மேம்பாட்டுக் குழுவை அமைத்து, வறுமையையும் வேலையின்மையையும் குறைக்க அதுவரை பெரும்பாலும் தனித்து இயங்கிவந்த வட்டார மேம்பாட்டு நிறுவனங்களின் திட்டங்களை அதன் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. இதை நான் வரவேற்கிறேன். வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இருக்கும்போது, அதே குடும்பங்களுக்காக வேறொரு நிறுவனம் தனிக் கணக்கில் தனித் திட்டம் தீட்டுவது ஏன்? அந்நிறுவனத்தின் இயக்குநர் தவறு செய்தால் அவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

பொன்னி:
தேர்தலில் தோற்கடிக்கலாம் என்பது பெரும்பான்மையினருக்குத்தான் பொருந்தும், திருமாறன். ஒரு வட்டத்தில் நூற்றில் பத்துப் பேராக இருக்கும் வறியவர்கள் எந்த மன்ற உறுப்பினரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டம், ஏழைகள் இயன்ற அளவு முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று வரையறுத்து, வறுமை ஒழிப்புப் பணிகளை நடத்தும், நகர நிர்வாகத்தைச் சாராத சமூகச் செயல் முகமைகளுக்கும் மத்திய அரசின் பணத்தை நேரடியாகக் கொடுத்தது இதனால்தான். மேயர்கள் கொதித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1967-இல், அம்முகமைகளை உள்ளாட்சியே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

திருமாறன்:
அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லியிருக்கலாம். அதிகாரம் கையில் கிடைத்தும் பெரும்பாலான நகரங்கள் முகமைகளை எடுத்துக்கொள்ளவில்லை. முகமைகளின் ஆட்சிக்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் மக்கள் பிரதிநிதிகளுக்கு, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஏழைகளின் பிரதிநிதிகளுக்கு என்ற ஏற்பாட்டோடு அமைதி அடைந்தன. ஒரே மேசையில் அமர்ந்தால் சண்டை தணியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொன்னி:
சண்டை தணிந்தது உண்மைதான். அது எதனால் தணிந்தது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு. என் கவலை, யார் மேலே உட்காருகிறார்கள் என்பதைவிட, பணம் எந்த வடிவில் வருகிறது என்பதைப் பற்றியது. நீங்கள் பாராட்டும் அயர்லாந்திலேயே, பின்தங்கியோருக்கு உதவ 2015-இல் தொடங்கிய சமூக உள்ளடக்கத் திட்டத்தின் நிதியைப் பெற நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளி கோரும் போட்டியில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு பகுதியில் நெடுங்காலம் பழகி, வேலையற்ற இளைஞர்களின் நம்பிக்கையைப் பெற்ற அமைப்பு, மேசை நாற்காலி வழங்கும் வணிகரைப் போல விலை குறிக்கிறது. அதன்பின் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்ற எண்ணிக்கையை நிரப்புவதே அதன் வேலையாகிறது. மன்றத்தின் முன் நின்று அந்த இளைஞர்களுக்காக வாதாட அதற்கு நேரமும் இருப்பதில்லை, துணிவும் இருப்பதில்லை.

கணக்கர்:
இடையில் ஒரு சொல். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பு, அண்டைவீட்டார் குழு, வட்ட (வார்டு) அளவிலான அமைப்பு, ஊராட்சி அல்லது நகராட்சி அளவிலான சங்கம் என மூன்று அடுக்குகளில் உள்ளாட்சியோடு ஒட்டியே நிற்கிறது. ஆயினும் பொறுப்பாளர்களை உறுப்பினர்களான பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அருகில் இருப்பதும் அடங்கியிருப்பதும் ஒன்றல்ல.

பொன்னி:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஊராட்சி தன் பணிகளையெல்லாம் அந்தப் பெண்களின் தலையில் கட்டும்போது மறுக்கும் உரிமை அவர்களுக்கு நடைமுறையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

திருமாறன்:
ஒப்பந்தப்புள்ளி குறித்த குறையை ஏற்கிறேன். அது கொள்முதல் முறையின் கோளாறே தவிர உள்ளாட்சியின் கோளாறு அல்ல. பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்யப்பட்ட மானியம், அதைத் தணிக்கை செய்யும் உரிமை மன்றத்துக்கு, வாக்குகளில் அரசுத் தரப்புக்குப் பெரும்பான்மை இல்லாத குழு என்று அமைத்தால் போதுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊரக மேம்பாட்டு விதிகள் 2014 முதல், நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் உள்ளூர்ச் செயற்குழுக்களில் அரசு அமைப்புகளின் வாக்குரிமையை 49 விழுக்காட்டுக்குள் நிறுத்தின.

பொன்னி:
பிரிட்டனில் 1969-இல் உள்துறை அமைச்சகம் தொடங்கிய சமூக மேம்பாட்டுத் திட்டங்களை நினைவில் கொள்ளுங்கள். வறுமை மிகுந்த 12 பகுதிகளில் அத்திட்டங்களில் வேலை செய்தவர்கள், வறுமைக்குக் காரணம் மக்களின் குறைபாடு அல்ல, தொழில்கள் வெளியேறியதும் முதலீடு இல்லாததுமே என்று எழுதியபோது, உள்ளாட்சிகளோடும் அமைச்சகத்தோடும் உறவு கசந்தது. 1978-க்குள் எல்லாம் முடிந்துபோயின. உங்கள் குழுவில், மன்றத்தின் குடியிருப்பு இடிப்புத் திட்டத்தை எதிர்த்து ஒரு நிறுவனம் அறிக்கை வெளியிட்ட மறுமாதம், அதன் மானியத்தைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்திடப் போகிறவர் யார்?

திருமாறன்:
அந்தக் கையெழுத்து மன்றத்திடம் இருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதியில் என் நிலை மாறவில்லை.