வலி கடுமை, வயிறோ மெத்தென்று இருக்கிறது: சீனியர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். இரவுப் பணியில் என்னை அதிகம் பயமுறுத்துவது குடல்வால் அழற்சி இல்லை. அதற்கு அறிகுறிகளையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து மதிப்பெண் போடும் அல்வராடோ ஸ்கோர் இருக்கிறது, 10-க்கு 7 வந்தால் தயங்காமல் சீனியரை எழுப்பிவிடுவேன். 70 வயதைத் தாண்டி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு (இதயம் ஒழுங்கில்லாமல் துடித்து, உள்ளே ரத்தக்கட்டி உருவாகக்கூடிய நிலை) வயிற்று வலியென்று வருபவர்கள்தான் பயம். வலியில் துடிப்பார்கள், கை வைத்துப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். குடலுக்குப் போகும் தமனி அடைத்திருக்குமோ என்று அப்போதே சந்தேகப்பட வேண்டும். வயிறு இறுகட்டும் என்று காத்திருந்தால் குடல் அழுகிவிடும். திசுவுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் ஆரம்பத்தில் நார்மலாகவே வரலாம். அதை நம்பி ஒருமுறை தாமதித்துவிட்டேன், இன்னும் மனம் ஆறவில்லை.

சிறுநீரகம் சரியில்லை என்று காட்டும்படி கிரியாட்டினின் ஏறியிருந்தாலும், கான்ட்ராஸ்ட் (ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்து) கொடுத்து உடனே சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுக்கச் சொல்வீர்களா? ரேடியாலஜியில் தயங்கினால் எப்படிப் பேசுவீர்கள்? செத்த குடலை வெட்டி எடுத்த பிறகு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பதை யாருக்கு முடிவு செய்கிறீர்கள்?

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் குடலில் ஓட்டை விழுந்தும் வயிறு இறுகாமல் இருந்ததைப் பார்த்தவர்களும் எழுதுங்கள். இன்னொன்று: வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று எங்கள் பிரிவில் இன்னும் சிலர் தடுக்கிறார்கள். நான் கொடுத்துவிடுகிறேன். அவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது?