தமிழைக் காட்டி ஆங்கில வாக்கியம் சொல்லித் தரலாமா?

பாம்பன்கரை: மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எஸ்.வி.ஓ. (எழுவாய், வினை, செயப்படுபொருள்), எஸ்.வி.சி. (எழுவாய், வினை, நிரப்பி) என்று ஆங்கில வாக்கியப் பேட்டர்னை ஒப்பிக்கிறார்கள். "அப்பா கடலுக்குப் போயிருக்கிறார்" என்று எழுதச் சொன்னால் பேனா நகரவில்லை. தமிழ் வாக்கியம் எப்படி நிற்கிறது என்று முதலில் காட்டிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

தொண்டி வாத்தியார்: ஒத்துக்கொள்ள மாட்டேன் டீச்சர். தமிழை நடுவில் வைத்தால் பிள்ளை ஆயுசுக்கும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும். "நான் மீன் வாங்கினேன்" என்பதைத் தமிழ் வரிசையிலேயே "ஐ ஃபிஷ் பாட்" என்று எழுதுவதே அதனால்தான். காதில் விழ விழ, வாயில் வர வரத் தானாகப் படியும்.

பாம்பன்கரை: எங்கே சார் காதில் விழுகிறது? வீட்டிலும் தமிழ், கரையில் மீன் ஏலத்திலும் தமிழ். "ஐ ஃபிஷ் பாட்" வருவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராததால்.

போன வாரம் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினேன். "முருகன் நண்டைப் பிடித்தான்." "நண்டை முருகன் பிடித்தான்." பொருள் ஏன் மாறவில்லை என்று கேட்டேன். "நண்டுல 'ஐ' ஒட்டியிருக்கு டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த ஒட்டு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பவர் பிடித்தவர், பின்னால் நிற்பது பிடிபட்டது. அங்கே இடம்தான் உருபு. "முருகன் காட் எ கிராப்" என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் நண்டு முருகனைப் பிடித்துவிடும்!

அப்புறம், "வந்தான்" என்றால் விகுதியே ஆளைச் சொல்லிவிடும்; "கேம்" என்றால் சொல்லாது, "ஹீ" வேண்டும். "அவர் மீனவர்" என்பதில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் "இஸ்" இல்லாமல் அது நிற்காது.

கீழக்கரைப் பையன்: எனக்குப் பேச்சு துபாயில் கடையில் நின்றபோதுதான் வந்தது. அதில் வாத்தியார் பக்கம். ஆனால் மெயில் எழுதினால் இன்றும் "இஸ்" விட்டுப்போகிறது. காரணம் இப்போதுதான் புரிகிறது.

தொண்டி வாத்தியார்: நண்டு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். சரி, "எனக்குப் பசிக்கிறது" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? அங்கே "ஐ ஆம் ஹங்ரி". "எனக்கு" இருந்த இடத்தில் "நான்" வந்துவிட்டது. அதை முழுசாகச் சொல்லிச் சொல்லித்தானே பழக வேண்டும்?

பாம்பன்கரை: அதை மறுக்கவில்லை சார். பழகும்போது எது மாறியது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

தொண்டி வாத்தியார்: அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். அதில் முதல் பாதி நாட்கள் உங்கள் பலகை, மறு பாதி நாட்கள் பேச்சு மட்டும். நான் தொண்டியிலும் அப்படியே நடத்துகிறேன்.