மைக்ரோவேவ்ல படபடன்னு பொறி, ஓவன் போச்சா?

களியக்காவிளை மருமவ:
நேத்து ராத்திரி மிச்சமிருந்த மரச்சீனியும் மீன் குழம்பும் சூடாக்க வச்சேன், கல்யாணத்துக்கு வந்த தங்கக் கலர் வரை போட்ட பிளேட்டுல, பத்து செகண்டு ஆகல பொறி பறக்குது, பயந்து பிளக்கப் புடுங்கிட்டேன். உள்ள வலது சைடுல ஒரு பழுப்பு அட்டை ஓரம் கருகியிருக்கு. ஓவன் போச்சா? சாதாரணமாவே குழம்பு ஓரத்துல கொதிக்கும், மரச்சீனி நடுவுல பச்சத் தண்ணியா இருக்கும், அது ஏன்?

குழித்துறை மெக்கானிக்:
எக்கா, அந்த வரை மெட்டல், அதான் பொறி. அட்டை, வேவ் வர்ற வழிய மூடுற மைக்கா ஷீட்டு, எண்ணெ தெறிச்சு ஒட்டினாலும் கருகும். மாத்தாம ஓட்டாதீங்க, மாடல் நம்பர் சொன்னா கடையில கெடைக்கும், வெல கம்மிதான். ஆனா வெளி மூடியக் கழட்டிராதீங்க, பிளக்கப் புடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்டு தங்கி நிக்கும், ஆளையே கொன்னுரும்.

பாறசாலை சேச்சி:
வேவ் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் உள்ள போவும், மிச்சம் சூடு தானா பரவணும். மரச்சீனியக் குமிச்சு வைக்காம நடுவுல குழி விட்டுப் பரத்தி, தண்ணி தெளிச்சு, லேசா மூடி, பவரக் கொறச்சு வைங்க, பாதியில கிளறி, கடைசியா ரெண்டு நிமிஷம் சும்மா விடுங்க. அவிச்ச முட்டைய முழுசா வச்சிராதீங்க, எங்க வீட்டுல வெளிய எடுத்தப்புறம் கரண்டி பட்டு வெடிச்சு மஞ்சக்கரு சீலிங்ல ஒட்டிச்சு, இன்னும் கறை போவல.

களியக்காவிளை மருமவ:
ஐயோ சேச்சி! ஷீட்டு வாங்க நாளைக்கே போறேன், அதுவரைக்கும் மாமியார் சொல்ற மாதிரி அடுப்புதான்.