கொல்லிமலை ஊர்ப் பெயர்கள் ஓரி காலத்தவையா?

மலைநாட்டான்:
எங்கள் மலையில் 14 ஊராட்சிகள். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு என்று எல்லாமே 'நாடு' என்றுதான் முடியும். சங்க கால வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் அவனைப் பாடியது புறநானூறு 152இல் இருக்கிறது. ஊர்ப் பெயர்களும் அவன் காலத்தவை என்பதில் என்ன சந்தேகம்?

கல்வெட்டு வாசகன்:
மலையின் பெயர் சங்க காலத்தது, சரி. அந்த வயதை அப்படியே ஊர்கள் தலையில் ஏற்றுவதைத்தான் ஒப்ப முடியவில்லை. சங்கப் பாடல்களில் கொல்லி வருகிறது, இந்த மலையின் பெண் தெய்வ உருவமான கொல்லிப்பாவை வருகிறது. வளப்பூரும் சேலூரும் எங்கே வருகின்றன? 'நாடு' என்ற பிரிவு சோழர் கல்வெட்டுகளில் சமவெளி முழுக்க உண்டே. அதை ஓரியோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை.

வாழவந்தி மருமகள்:
நான் வாழ்க்கைப்பட்ட ஊர் வாழவந்திநாடு. இங்கே பெரியவர்கள் சொல்லும் கதையே வேறு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கிளம்பினார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலைக்குப் போக, மற்ற இருவரும் கொல்லிக்கும் பச்சைமலைக்கும் போனார்களாம். இந்த மலைப் பழங்குடிகளான எங்களை மலையாளி என்பார்கள். மலையாளி என்றால் மலையை ஆள்பவர் என்றுதான் இங்கே பொருள், கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. வாழ வந்தவர்கள் இருந்த ஊர் வாழவந்தி என்பார் என் மாமியார்.

கல்வெட்டு வாசகன்:
அக்கா, மோகனூர்ப் பக்கம் சமவெளியில் எஸ்.வாழவந்தி இருக்கிறது. அங்கே யார் மலையேறினார்கள்? கதையைப் போற்றுவோம், பெயருக்குச் சான்றாக வைக்க வேண்டாம்.

மலைநாட்டான்:
கீழேயிருந்து சிலர் வந்ததால் மேலே அதுவரை ஆளே இல்லை என்றாகிவிடுமா? அகநானூறு 209 'செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி' என்கிறது. ஆடி மாதம் சோளக்காடு சந்தைக்கு வந்து பாருங்கள், பலாப்பழம் குவிந்து கிடக்கும். அந்த மரத்தை வளர்த்த கைகள் அறுபடாமல் வந்திருக்கின்றன. அவர்கள் வாயில் ஊர்ப் பெயரும் வந்திருக்காதா?

கல்வெட்டு வாசகன்:
அதே 209ஆம் பாட்டை முழுக்கப் படியுங்கள். முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது. மலை அப்போதே கைமாறிவிட்டது. பலா மண்ணோடு நிற்கும், குடிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். செம்மேடு மண்ணின் நிறத்தால் வந்த பெயர், சோளக்காடு பயிரால் வந்தது. இப்படிப்பட்ட பெயர் எந்த நூற்றாண்டிலும் பிறக்கலாம். பழைய நூலில் பிடி கிடைப்பது அறப்பள்ளி ஒன்றுக்குத்தான், தேவாரத்தில் வருகிறது. இன்றைய அறப்பளீசுவரர் கோயில் அதுதான். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

மலைநாட்டான்:
கோயிலுக்கு எழுத்து கிடைத்தது, குடிசைக்கு யார் கல் வெட்டுவார்கள்? எழுதாமல் போனதை இல்லாமல் போனதாகக் கணக்கு வைப்பது நியாயமில்லை.

வாழவந்தி மருமகள்:
இரண்டு பேரும் ஊராட்சிப் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சாமை விதைக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இங்கே தனித்தனிப் பெயர் உண்டு, பாறைக்கும் ஓடைக்கும்கூட. பட்டாவில் வெறும் சர்வே எண்தான். என் மாமியார் தலைமுறையோடு அவை போய்விடும். முதலில் அதை யாராவது எழுதி வையுங்கள், வயதை அப்புறம் பார்க்கலாம்.